இருபது மில்லிவினாடி

தை செங்கில் நான்காம் மாடி.
வெளியே முப்பத்திரண்டு டிகிரி, உள்ளே பதினெட்டு.
பாதியில் சிக்கும் ஜிப்போடு ஒரு ஜாக்கெட்,
காதுகளில் ஆரஞ்சுப் பஞ்சு.
கார்மேகமும் இன்னொருவரும் ரேக்கில் ஏற்றிவிட்டுப் போன சர்வர்
முப்பத்தாறு கிலோ.
"இதுக்குள்ள என்னக்கா இருக்கு?" என்றார் கார்மேகம்.
"இன்னும் தெரியல" என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

நூற்று நாற்பத்தொரு சோதனை,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்:
பொருந்தும். பொருந்தாது.
கல்யாணத்துக்கே பத்துதானே பார்க்கிறார்கள் என்று
தனியாகச் சிரித்தேன்.
விசிறிகளின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

இயங்குதளம் யாருக்கும் சொந்தமில்லை,
யாரும் திறந்து படிக்கலாம்.
கட்டைவிரல் அளவு யுஎஸ்பியில் வந்து
கறுப்புத் திரையில் வரிவரியாய் மேலே ஓடியது.
ஓடும் பஸ்ஸிலிருந்து கடைப் பெயர்களைப் படிப்பதுபோல
ஒன்றிரண்டுதான் பிடிபட்டன.

நினைவகம்: பதினோரு மணி நேரம், ஒரு பிழையில்லை.
வட்டுகள்: ஓடும்போதே உருவினேன், செருகினேன்,
கோபித்துக்கொள்ளவில்லை.
இரண்டு மின்கம்பிகளில் ஒன்றைப் பிடுங்கினேன்;
ஒரு விளக்கு மஞ்சளானது, அவ்வளவே.
அதற்குள் மிஸ்டர் குவெக் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.
விற்பவர். எப்போதும் சாப்பிட்டு முடித்த குரல்.
"பாஸ்தானே லா?"
"இன்னும் ரீபூட் இருக்கு, மிஸ்டர் குவெக்."

நூற்றெட்டாவதில் அது.
முழுக்க அணைத்து எழுப்பினால்
நெட்வொர்க் அட்டை உடனே குரல் கொடுக்கிறது.
அணைக்காமல் மறுபடி எழுப்பினால்
எல்லாம் எழுகிறது, அது மட்டும் இல்லை.
எப்போதுமல்ல. ஏழில் ஒரு தடவை.
முழுதாய் உடைந்ததை யாரும் கண்டுபிடிப்பார்கள்.
ஏழில் ஒரு தடவைக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

நாற்பத்திரண்டு முறை எழுப்பினேன்.
ஆறு முறை ஊமை.
இரவுப் பணிக்கு வந்த ஹிதாயா
கேபிளை மாற்றினாள், ஸ்லாட்டை, சுவிட்சை.
பிறகு வெளியே இழுத்துப்போய்
தன் கறிபப்பில் பாதியைத் தந்தாள்.
மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தின்றோம்,
உள்ளே ஒரு பருக்கைக்கும் அனுமதியில்லை.

டிரைவரைத் திறந்தேன். மூவாயிரத்துச் சொச்சம் வரி.
நடுவில் ஒரு குறிப்பு, மன்னிப்புக் கேட்கும் தொனியில்:
'இங்கே பத்து மில்லிவினாடி பொறு.
ஏனென்று தெரியவில்லை. எடுத்துவிட்டால் ஓடாது.'

எழுதியவரை எனக்குத் தெரியாது.
ஆணோ பெண்ணோ,
எந்த ஊர்க் குளிரில் உட்கார்ந்து
எத்தனை முறை எழுப்பிப் பார்த்தாரோ.
அவருடைய அட்டைக்குப் பத்து போதுமாயிருந்தது.
இது புதுசு. தங்கமுலாம் பூசிய கால்கள்.
தூக்கம் கொஞ்சம் கூடுதல்.

பத்தை இருபதாக்கினேன்.
எழுப்பு. எழுப்பு.
ஐம்பது. நூறு.
நூற்றைம்பதில் ஹிதாயா எண்ணுவதை விட்டுவிட்டாள்,
நான் இருநூறு வரை போனேன்.
ஒரு தடவைகூட ஊமையில்லை.

கண் இமைக்கும் நேரத்தில்
பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ.
அதைத்தான் கேட்டிருக்கிறது.
வேகத்துக்கு வாடகை வாங்கும் கட்டடம் இது,
வாய்விட்டுக் கேட்க முடியுமா?

என் நோட்டில் மட்டும் தமிழில் எழுதுவேன்.
பொருத்தம் என்று எழுதப்போய்
வல்லின றகரத்தைப் போட்டிருந்தேன்.
பள்ளியில் அரை மதிப்பெண் போயிருக்கும்.
அடிக்காமல் விட்டேன்.

திருத்தத்தை அனுப்பினேன், என் குறிப்போடு:
'பத்து போதவில்லை. இருபது.
ஏனென்று எனக்கும் தெரியவில்லை.'
இனி யாரோ அதைப் படிக்க வேண்டும்,
தன் மேசையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்,
சரியென்று சேர்க்க வேண்டும்.
நாளாகலாம். மாதமாகலாம்.

அதுவரை
நூற்றெட்டாம் வரியில் இரண்டாவது கட்டம்தான்.
பக்கத்தில், பொடி எழுத்தில், இப்போதைக்கு.

காலை ஏழேகால். குவெக்.
சொன்னேன்.
மறுமுனையில் பேச்சில்லை.
அவர் பக்கம் லாரி ஒன்று
பின்னோக்கி வரும் பீப் சத்தம் மட்டும்
விட்டு விட்டுக் கேட்டது.